'மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சு'... ஆனா கடைமடைக்கு ஏன் வரல? விவசாயியின் மனுவில் இருக்கும் 5 கோரிக்கைகளும் அதன் பின்னணியும்

ஜூன் 12 வந்தாலே டிவியில் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. மேட்டூர் அணையின் மதகு உயருது. நுரை பொங்க தண்ணீர் பாயுது. மேலேயிருந்து மலர் தூவுறாங்க.

அதுக்கு ஒன்றிரண்டு மாதம் கழிச்சு இன்னொரு காட்சியும் நம்ம செய்திகளில் வரும். நாகை, திருவாரூர், தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். கருகின நெற்பயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் எழுந்து பேசுவார். அவர் கொடுக்கும் மனுவின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்.

எந்த அரசு? என்ன நடவடிக்கை? எத்தனை நாளுக்குள்ள?

அந்த ஒரு வரிக்குள்ள மத்திய அரசு, மாநில அரசு, பக்கத்து மாநிலம், உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த ஆணையம், உள்ளூர் அலுவலகம்னு பல கதவுகள் இருக்கு. எந்தக் கோரிக்கை எந்தக் கதவுக்குப் போகுது, எங்க மாட்டிக்குது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே 3, 4 நாட்கள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்குப் போக இன்னும் பல நாட்கள்.
• காவிரியில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்பது 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் மழை குறைந்த ஆண்டில் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை.
• 2023-ல் ஜூன் 12-ல் திறந்த அணை அக்டோபர் 10-ல் மூடப்பட்டது. வழக்கமாக மூடவேண்டிய தேதி ஜனவரி 28.
• விவசாயி கேட்பது தண்ணீரை மட்டும் இல்ல. 'எந்த நாள் வரும், எந்த நாள் வரைக்கும் வரும்' என்கிற பதிலையும்தான்.

கடைமடைன்னா எது?

காவிரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்கள்தான் கடைமடை. மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய். அதில் கடைசி மடை யாருடையதோ, அவர்தான் கடைமடை விவசாயி.

மேட்டூரிலிருந்து கிளம்பும் தண்ணீர் ஈரோடு, கரூர் வழியாக வந்து திருச்சி முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரியுது. அடுத்தது கல்லணை. இங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றுக்கும் பாசனத் தண்ணீர் பங்கு போடப்படுது. மிச்சம் இருந்தால் கொள்ளிடத்துக்கு.

வெண்ணாற்றுத் தண்ணீர் நீடாமங்கலம் பக்கம் வந்ததும் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என மறுபடியும் பிரியும். அங்கேயிருந்து இன்னும் சின்ன ஆறுகள். அதுக்கப்புறம் வாய்க்கால்கள். இந்த வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என அளவு வாரியாகப் பிரிச்சு வச்சிருக்காங்க. ஆற்றிலிருந்து நேரடியாகப் பிரிவது ஏ வாய்க்கால். அதிலிருந்து பி, அதிலிருந்து சி, அப்படியே கீழே போகும். நம்ம கடைமடை விவசாயியின் வயல் இந்த வரிசையின் நுனியில், பெரும்பாலும் கடலுக்குப் பக்கத்துல இருக்கு. தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டை பகுதிகளை நினைச்சுக்கோங்க. கல்லணைக் கால்வாய் பக்கம் போனால் பேராவூரணி, அதைத் தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டம் வரைக்கும்.

2023-ல் மேட்டூர் திறந்தது ஜூன் 12. கல்லணை திறந்தது ஜூன் 16. கல்லணையில் திறந்த பிறகுதான் கடைமடைக்கான பயணமே ஆரம்பம். காய்ஞ்சு கிடக்கும் ஆற்று மணல் முதல் தண்ணியை உறிஞ்சிக்கும். வழியில் இருக்கும் வயல்களும் குளங்களும் எடுத்துக்கும். திறந்த அளவு குறைவாக இருந்தால் நுனி வரைக்கும் தண்ணி தள்ளாது. 'தண்ணி திறந்தாச்சு' என்பது தலைப்புச் செய்தி. 'தண்ணி வந்தாச்சு' என்பது வேற செய்தி.

போர் போட்டுக்க வேண்டியதுதானே?

கமெண்ட்டில் அடிக்கடி வரும் கேள்வி இது.

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பலர் அதைத்தான் செய்றாங்க. அங்கே நிலத்தடி நீர் நல்லா இருக்கும். இலவச மின்சாரமும் இருக்கிறதால், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே ஆழ்துளைக் கிணற்றை வச்சு நாற்று விட்டு நடவையும் முடிச்சிடுவாங்க. அவங்க கோரிக்கை பெரும்பாலும் மும்முனை மின்சாரத்தைக் கூடுதல் நேரம் கொடுங்க என்பதாக இருக்கும்.

கடலோரக் கடைமடையில் நிலைமை வேற. பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. கடல்நீர் உள்ளே ஏறியிருக்கிற இடத்தில் போர் போட்டு இறைச்சால், பயிருக்குப் பாயுறது உப்புத் தண்ணி. இந்த வருஷப் பயிரும் போகும், மண்ணும் கெடும். அதனால் அவங்களுக்கு இருப்பது இரண்டே வழி: ஆற்றுத் தண்ணீர், இல்லைன்னா மழை.

குறுவை மழைக்கு முன்னாடி வளரும் பயிர். அப்போ மிச்சமிருப்பது ஆறு ஒன்றுதான்.

110 நாள் கணக்கு: ஏன் இவ்வளவு அவசரம்?

குறுவைக்குப் போடும் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 மாதிரி ரகங்களின் வயது ஏறக்குறைய 110 நாட்கள். ஜூன் பாதியில் விதை போட்டால் அக்டோபர் தொடக்கத்துக்குள் அறுவடை முடியணும். ஏன்னா, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிடும். மழையில் கதிர் சாய்ந்தால் நெல் வயலிலேயே முளைச்சிடும். அறுத்துக் கொண்டுபோனாலும் கொள்முதல் நிலையத்தில் 'ஈரப்பதம் அதிகம்' என்பாங்க.

அடுத்து அதே நிலத்தில் தாளடி நடணும். முதல் பயிர் தள்ளிப்போனால் இரண்டாவது பயிரும் தள்ளிப்போகும்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு தண்ணி வேணும்? ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாலே அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு பருவம் முழுக்க நெல்லுக்கு சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை என்பது பொதுவான கணக்கு. ஏக்கருக்கு மாற்றிப் பார்த்தால் 48 லட்சம் லிட்டர். இதில் மழை கொஞ்சம் கொடுக்கும். மீதியை வாய்க்கால்தான் கொடுக்கணும்.

இந்த 110 நாளில் எந்த நாள் தண்ணி நின்றாலும் நஷ்டம் ஒரே மாதிரி இருக்காது. விதைப்புக்கு முன்னாடியே 'தண்ணி இல்ல' என்று தெரிஞ்சால், நிலம் சும்மா கிடக்கும். அந்தப் பருவத்து வருமானம் போகும், ஆனால் கைக்காசு போகாது. உழவு, விதை, நடவுக் கூலி, உரம் எல்லாம் செலவழிச்சுப் பயிர் பூக்கிற நேரத்தில் தண்ணி நின்றால் நெல் பதராகிடும். வருமானமும் இல்ல, போட்ட காசும் இல்ல. அந்தக் காசு பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கக் கடன், இல்லைன்னா அடகு வச்ச நகை.

அதனால்தான் விவசாயியைப் பொறுத்தவரை 'எவ்வளவு' என்கிற கேள்வியைவிட 'எதுவரைக்கும்' என்கிற கேள்வி பெரிசு. இதை மனசில் வச்சுக்கிட்டு மனுவைப் படிப்போம்.

கோரிக்கை 1: காவிரியில் நமக்குரிய தண்ணீரைப் பெற்றுத் தாருங்கள்

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி கர்நாடகா தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி கொடுக்கணும். நடுவர் மன்றம் 2007-ல் சொன்னது 192 டிஎம்சி. அதில் 14.75 டிஎம்சியை உச்ச நீதிமன்றம் குறைச்சது. பெங்களூருவின் குடிநீர்த் தேவையும், தமிழகத்தின் நிலத்தடி நீரும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

டிஎம்சின்னா? நூறு கோடி கன அடி. வினாடிக்கு சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி.

177.25 டிஎம்சியும் ஒரே தடவையில் வராது. மாதவாரியாக அட்டவணை உண்டு:

• ஜூன்: 9.19 டிஎம்சி
• ஜூலை: 31.24
• ஆகஸ்ட்: 45.95
• செப்டம்பர்: 36.76
• அக்டோபர்: 20.22
• நவம்பர்: 13.78
• டிசம்பர்: 7.35
• ஜனவரி: 2.76
• பிப்ரவரி முதல் மே வரை: மாதம் 2.50

குறுவை வளர்ந்து கதிர் விடும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதங்களில் மட்டும் 113.95 டிஎம்சி. மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. அதனால் இந்த மூன்று மாதத்தில் விழும் ஓட்டையை டிசம்பரில் அடைச்சு குறுவைக்குப் பயனில்ல.

இந்த அட்டவணை நடக்குதான்னு பார்க்க 2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையமும், அதன் கீழ் ஒழுங்காற்றுக் குழுவும் அமைக்கப்பட்டன. இது மத்திய ஜல்சக்தி அமைச்சகத்தின் கீழ் வரும் அமைப்பு. மனுவில் 'மத்திய அரசு' என்று விவசாயி எழுதுவது இந்தக் கதவைத்தான்.

சரி, அட்டவணை இருக்கு, ஆணையம் இருக்கு. அப்புறம் என்ன பிரச்சனை?

அட்டவணை சாதாரண மழை ஆண்டுக்கானது. மழை குறைந்தால் எல்லா மாநிலங்களும் பற்றாக்குறையை விகிதப்படி பகிர்ந்துக்கணும் என்று நடுவர் மன்றமே சொல்லியிருக்கு. ஆனால் அந்த விகிதத்தை எந்த அணை அளவை வச்சு, எந்தத் தேதியிலிருந்து கணக்குப் போடுறது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கிட்ட சூத்திரம் இல்ல. அதனால் ஒவ்வொரு வறட்சி ஆண்டும் பேச்சு முதல் வரியிலிருந்து தொடங்குது.

2023-ல் இதுதான் நடந்தது. கர்நாடக அணைப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை சரியில்ல. ஆகஸ்டில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வினாடிக்கு 24,000 கன அடி கேட்டது. ஆணையம் ஆகஸ்ட் இறுதியில் சொன்னது 15 நாளுக்கு 5,000 கன அடி. கணக்குப் போட்டுப் பாருங்க: 5,000 கன அடி வீதம் 15 நாள் ஓடினால் 6.48 டிஎம்சி. செப்டம்பர் மாத அட்டவணைப்படி வரவேண்டியது தினமும் சுமார் 14,000 கன அடி. அதாவது சாதாரண ஆண்டின் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

ஆணையத்தின் உத்தரவில் தலையிட செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதே நேரத்தில் கர்நாடகாவில் 'அந்த 5,000-மும் கொடுக்கக் கூடாது' என்று போராட்டம். செப்டம்பர் 26-ல் பெங்களூரு பந்த், 29-ல் கர்நாடக பந்த். மண்டியாவில் சாலையில் உட்கார்ந்தவங்களும் விவசாயிகள்தான். அவங்க வயலும் காய்ஞ்சுதான் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே ஆற்றை நம்பி இருக்கிறவங்க என்பதால்தான், வறட்சி ஆண்டுக்கான சூத்திரத்தை மழை நல்லா பெய்யும் ஆண்டிலேயே பேசி முடிக்கணும். வறட்சி வந்த பிறகு பேசினால் யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது.

அக்டோபர் 9-ல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த நாள், அக்டோபர் 10-ல், மேட்டூரில் பாசனத்துக்கான திறப்பு நிறுத்தப்பட்டது.

கோரிக்கை 2: வாய்க்கால்களைத் தூர்வாருங்கள்

இது முழுக்க முழுக்க நம்ம மாநிலத்துக்குள்ள இருக்கும் விஷயம். கர்நாடகாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஒவ்வொரு கோடையிலும் டெல்டாவில் சிறப்புத் தூர்வாரும் பணி நடக்குது. 2023-ல் அதுக்கு ஒதுக்கப்பட்டது 90 கோடி ரூபாய். ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் பார்ப்பது நீர்வளத்துறை. 2021 வரைக்கும் இது பொதுப்பணித்துறையோடு இருந்தது.

விவசாயிகள் சொல்லும் குறை இரண்டு. ஒன்று, வேலை தாமதமாகத் தொடங்கி, தண்ணீர் வரும் நாள் வரைக்கும் இழுக்குது. தண்ணி வந்துட்டால் எவ்வளவு வாரினாங்கன்னு யாரும் அளந்து பார்க்க முடியாது. இரண்டு, பெரிய ஆறுகளை வாரிட்டு சி, டி வாய்க்கால்களை விட்டுடுறாங்க. சமீப ஆண்டுகளில் அந்தச் சின்ன வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறையும் எடுத்துச் செய்யுது. ஆனாலும் மனுக்களில் இந்த வரி மட்டும் மறைய மாட்டேங்குது.

கடைமடைக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சனை? ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டின வாய்க்காலில் தண்ணி மெதுவாக நகரும். தலைப்பில் ஒரு அடி உயரத்துக்கு ஓடினாலும் நுனிக்கு வரும்போது ஒண்ணும் மிஞ்சாது. பற்றாக்குறை ஆண்டில் கிடைக்கிற கொஞ்சத் தண்ணியையும் வழியிலேயே தொலைக்கிறோம் என்று அர்த்தம்.

முன்னாடி ஊரே சேர்ந்து செய்த வேலை இது. பேர் குடிமராமத்து. 2017-ல் அதே பேரில் அரசுத் திட்டமும் வந்தது. பாசன அமைப்புகளின் மேலாண்மையில் விவசாயிகளுக்கும் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2000-லேயே வந்தாச்சு. வாய்க்கால் வாரினதும் அந்த ஊர் விவசாயிகள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பில் பாஸாகணும் என்று கேட்பதற்கு இதுதான் அடிப்படை.

கோரிக்கை 3: முறைப்பாசனத் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

தண்ணி குறைவாக இருக்கும்போது எல்லா ஆற்றிலும் ஒரே நேரத்தில் விட முடியாது. கொஞ்ச நாள் காவிரிக்கு, அடுத்து வெண்ணாற்றுக்கு, அப்புறம் கல்லணைக் கால்வாய்க்குன்னு மாற்றி மாற்றி விடுவாங்க. இதுக்குப் பேர் முறைப்பாசனம். ஊர்ப் பேச்சில் 'முறை வைக்கிறது'.

முறை வைப்பதில் தவறில்ல. கடைமடைக்கு என்ன ஆகுதுன்னா, அவங்க ஆற்றுக்கு முறை வந்து தண்ணி நுனியை நெருங்கும்போது முறை மாறிடும். காய்ஞ்ச ஆறு மறுபடி ஈரமாகி, மறுபடி ஓடி, மறுபடி வரணும்.

அதனால் இவங்க கேட்பது: எந்த ஆற்றுக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு கன அடி என்பதை முன்னாடியே ஊருக்குத் தெரியும்படி சொல்லுங்க. முறை நாளை எண்ணும்போது தலைப்பில் திறந்த நாளிலிருந்து எண்ணாமல், தண்ணி கடைமடையைத் தொட்ட நாளிலிருந்து எண்ணுங்க. இதுக்குப் பெரிய செலவு இல்ல. யாரும் கர்நாடகாவிடம் போய்க் கேட்கவும் வேண்டியதில்ல.

கோரிக்கை 4: கருகிய பயிருக்கு நிவாரணமும் காப்பீடும் தாருங்கள்

2023 அக்டோபரில் தண்ணீரின்றிப் பாதிக்கப்பட்ட குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. ஏக்கர் கணக்கில் சுமார் 5,465 ரூபாய். 2017 வறட்சியின்போது நெல்லுக்குக் கொடுத்ததும் ஏக்கருக்கு இதே 5,465 ரூபாய்தான். ஆறு வருஷத்தில் டீசல் விலையும் நடவுக் கூலியும் எங்கே போச்சு என்று உங்களுக்கே தெரியும்.

சரி, காப்பீடு? 2023-ல் தமிழகத்தில் குறுவை நெல் பயிர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இல்ல. சம்பாவுக்குப் பிரீமியத்தில் விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். குறுவைக்கு அந்த வாய்ப்பே இல்லாததால், பயிர் கருகினபோது அரசு அறிவிக்கும் நிவாரணத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டிய நிலை. 'குறுவையையும் காப்பீட்டில் சேருங்க' என்கிற கோரிக்கை இங்கேயிருந்து வருது.

இதில் இன்னும் இரண்டு முடிச்சு இருக்கு.

• பேரிடர் நிவாரண விதிப்படி பயிர்ச் சேதம் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்கணும். தண்ணி பற்றாமல் மகசூல் கால்வாசி குறைந்தவருக்கு ஒண்ணும் கிடையாது.
• அடங்கலில் யார் பேர் இருக்கு என்பதுதான் கணக்கு. டெல்டாவில் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து உழுகிறவங்க நிறைய. வாய்மொழிக் குத்தகை என்றால் செலவு பண்ணினவர் ஒருத்தர், பதிவேட்டில் இருப்பவர் வேறொருத்தர்.

கோரிக்கை 5: வரும் தண்ணீரைச் சேமியுங்கள்

2024-ல் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கப்படல. அணையில் 50 அடிக்கும் கீழேதான் தண்ணீர் இருந்தது. ஜூலையில் கர்நாடகாவில் கொட்டித் தீர்த்த மழையில் அணை மளமளன்னு ஏறி, ஜூலை 28-ல் திறக்கப்பட்டது. ஜூலை 30-ல் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. உபரி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலுக்குப் போச்சு.

மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதுக்கு மேல் வருவதை நிறுத்தி வைக்கக் கீழே பெரிய அணை இல்ல. டெல்டா தட்டையான நிலம், அங்கே பெரிய அணை கட்டவும் முடியாது. அதனால் கொள்ளிடத்தில் கதவணைகள், ஏரி குளங்களை ஆழப்படுத்துவது, கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் இயக்கு அணைகள் என்பதாகக் கோரிக்கைகள் போகுது. மற்ற நான்கையும் ஒரு பருவத்துக்குள் செய்து காட்ட முடியும். இது மட்டும் வருஷக்கணக்கில் ஆகும் வேலை.

விவசாயி பக்கம் செய்யக்கூடியது ஒண்ணுமே இல்லையா?

இருக்கு. வயலில் எப்பவும் தண்ணி நிறுத்தாமல், மண் லேசாக வெடிக்க ஆரம்பிக்கும்போது மறுபடி கட்டுவதை 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று வேளாண் துறை சொல்லிக் கொடுக்குது. நாற்று விடாமல் நேரடியாக விதைப்பது இன்னொரு வழி. கடைமடையில் பலர் இதை எப்பவோ பிடிச்சுக்கிட்டாங்க. குறுவையை விட்டுட்டு எள், பருத்தி, பயறு பக்கம் போவோரும் உண்டு.

ஆனால் ஒன்று. காயவிட்டுப் பாய்ச்சணும்னா, பாய்ச்சும் நாளில் வாய்க்காலில் தண்ணி இருக்கணும். அடுத்த முறை எப்ப வரும் என்று தெரியாதவர் கிடைக்கிறப்பவே வரப்பு வரைக்கும் கட்டி வச்சுக்குவார். அது பேராசை இல்ல, பயம். நிச்சயமான தேதி கொடுத்தால் சிக்கனம் தானாக வரும்.

எதுக்கு எந்தக் கதவு?

• கர்நாடகாவிலிருந்து வரவேண்டிய பங்கு: காவிரி மேலாண்மை ஆணையம், மத்திய ஜல்சக்தி அமைச்சகம், அங்கே வாதாடவேண்டிய தமிழக அரசு
• மேட்டூர் திறப்பு, மூடும் முடிவு: தமிழக அரசு
• முறைப்பாசனம், ஆறு மற்றும் பெரிய வாய்க்கால்: நீர்வளத்துறை
• பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு: வருவாய்த்துறையும் வேளாண் துறையும் சேர்ந்து
• அடங்கல்: கிராம நிர்வாக அலுவலர்
• எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பேச: மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம்

2017-ல் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாட்கள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தது நினைவிருக்கும். அவங்க சென்னையைத் தாண்டி டெல்லி வரைக்கும் போனதுக்குக் காரணம், கோரிக்கைகளில் பாதிக்கான சாவி அங்கேதான் இருந்தது.

அப்போ 2023-ல் எதைத் தவிர்த்திருக்கலாம்?

மழையை யாரும் வரவழைச்சிருக்க முடியாது. ஆனால் 2023-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் வச்சுப் பாருங்க.

2024-ல் ஜூனிலேயே 'தண்ணி இல்ல' என்று தெரிஞ்சது. போர் இல்லாதவங்க பலர் குறுவையைத் தொடாமல் சம்பாவுக்குக் காத்திருந்தாங்க. 2023-ல் அணையில் 103 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது, ஜூன் 12-ல் திறந்தாங்க, குறுவைத் தொகுப்புத் திட்டமும் அறிவிச்சாங்க. டெல்டாவில் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை நடவானது. கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும், கர்நாடகாவிலிருந்து வராமல் போனால் எந்தத் தேதியில் நிறுத்தவேண்டி வரும் என்கிற கணக்கு அரசிடம் இருந்திருக்கும். அது வயலில் நின்றவருக்கு விதைப்புக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருந்தால், கடைமடையில் சிலர் விதையைக் கையில் வச்சுக்கிட்டே கொஞ்சம் யோசிச்சிருப்பாங்க.

அடுத்த ஜூன் 12-ல் மதகு திறக்கும் காட்சியைப் பார்க்கும்போது, எத்தனை கன அடி திறந்தாங்க என்பதோடு நிறுத்திக்காதீங்க. அணையில் எத்தனை அடி இருக்கு, அது எத்தனை நாளுக்கு வரும், கடைமடைக்கு எந்தத் தேதியில் போய்ச் சேரும்னும் கேளுங்க. குறைதீர்க்கும் கூட்டத்தில் கருகின பயிரோடு நிற்கிறவர் கேட்பதும் அதே மூன்று கேள்விகள்தான். அதுக்கான பதில் அவருக்குச் செப்டம்பரில் கிடைச்சுப் புண்ணியமில்ல. விதை கோட்டையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கிடைக்கணும்.